வாயசைக்க மாட்டேன்!

“மாட்டேன் மிஸ்.”

இரண்டே இரண்டு சொல்தான். ஆனால் அதைக் கேட்டதும் பாட்டு அறையில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் மூச்சு விடுவதையே நிறுத்திவிட்டார்கள். பிரிசில்லா மிஸ்ஸிடம் அதுவரை யாரும் ‘மாட்டேன்’ என்று சொன்னதில்லை.

பிரிசில்லா மிஸ் கெட்டவர் ஒன்றும் இல்லை. தன் பிறந்தநாள் என்றால் வகுப்பு முழுவதற்கும் கேக் வாங்கி வருவார். யாராவது மழையில் நனைந்து வந்தால் தன் கைக்குட்டையைக் கொடுத்துத் தலையைத் துடைக்கச் சொல்வார். ஆனால் பாட்டு என்று வந்துவிட்டால் அவர் வேறு ஆள். கர்நாடக சங்கீதம் படித்துத் தங்கப் பதக்கம் வாங்கியவர். சுருதி ஒரு நூல் விலகினாலும், சோற்றில் கல் கடிபட்டது போல முகம் சுளித்துவிடுவார்.

‘மாட்டேன்’ என்று சொன்னவள் செல்லாயி. ஆறாம் வகுப்பு. கிள்ளையிலிருந்து தினமும் பஸ் ஏறிச் சிதம்பரத்துக்குப் படிக்க வருகிறாள். அவளுடைய அப்பா கண்ணாயிரம் கடலுக்குப் போகிறவர்; திருவிழாக் காலத்தில் கூத்தில் ராஜா வேஷம் கட்டுகிறவர். கூத்தில் பாடினால் கடைசியில் கடலை விற்கிறவருக்கும் கேட்க வேண்டும். அந்தத் தொண்டை அப்படியே மகளுக்கும் வந்துவிட்டது. செல்லாயி மெதுவாகப் பேசினாலே பக்கத்து வகுப்பில் திரும்பிப் பார்ப்பார்கள்.

அதுதான் இப்போது வம்பாகப் போய்விட்டது.

அது 2010-ஆம் ஆண்டு. கடலூரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இசை நாடகப் போட்டி வைத்திருந்தார்கள். பிரிசில்லா மிஸ் ‘வெள்ளாற்று ராணி’ என்று ஒரு நாடகத்தைத் தானே எழுதி, தானே மெட்டும் போட்டிருந்தார். ஏமாற்றுகிற மந்திரியைக் கண்டுபிடிக்க ஒரு ராணி மாறுவேஷத்தில் ஓடம் ஏறி ஊருக்குள் வருகிறாள். அதுதான் கதை. ராணி வேஷம் சரண்யாவுக்கு. அவள் ஐந்து வயதிலிருந்து சங்கீதம் படிக்கிறவள். ஓடக்காரர் வேஷம் விருத்தாம்பாளுக்கு. வகுப்பிலேயே அவள்தான் உயரம். மந்திரி வேஷம் இன்னொருத்திக்கு. மீதிப் பேர் ஊர் மக்கள்.

ஊர் மக்கள் பாடும்போது பத்துக் குரல் ஒன்றாகப் போகும். செல்லாயி குரல் மட்டும் அதற்கு மேலே தனியாகப் போகும். ஊரில் பத்துப் பேரும் பக்கத்து ஊரில் ஒருத்தியும் பாடுவது போல இருந்தது.

மூன்று நாள் பொறுத்துப் பார்த்த மிஸ், அந்த வெள்ளிக்கிழமை பாட்டை நிறுத்தினார்.

“செல்லாயி, உன் குரல் கூத்துக்குச் சரி. இதுக்கு ஒத்து வராது. நீ பாட வேணாம். மேடையில வாயை மட்டும் அசை.”

அதற்குத்தான் அவள் மாட்டேன் என்றாள்.

“என்ன சொன்னே?”

“வாயசைக்க மாட்டேன் மிஸ். நான் பாடுறதுல தப்பு இருந்தாச் சொல்லுங்க, திருத்திக்கிறேன். பாடாமலே பாடுற மாதிரி நடிக்க மாட்டேன்.”

மிஸ்ஸின் முகம் சிவந்தது.

“வாயசைக்கிறது ஒண்ணும் கேவலம் இல்ல. விருத்தாம்பாளைப் பாரு, எவ்வளவு சமத்தா அசைக்கிறா! அவகிட்ட கத்துக்க. திங்கக்கிழமை வந்து பதில் சொல்லு. சம்மதம்னா கடலூருக்கு வரலாம். இல்லேன்னா உன் இடத்துல வேற பொண்ணு நிக்கும்.”

விருத்தாம்பாள் ஓடக்காரராக வந்து கழி ஊன்றுவாள், பாடுவது போல வாயசைப்பாள். ராணி ஓடம் ஏறுவதற்கு முன்னால் வரும் அந்தப் பாட்டைத் திரைக்குப் பின்னால் இருந்து சரண்யா பாடுவாள். பெரிய மீசை வைத்த ஓடக்காரரின் வாயிலிருந்து சிட்டுக்குருவிக் குரல் வரும். யாருக்கும் அது வேடிக்கையாகத் தோன்றவில்லை என்பதுதான் வேடிக்கை.

பள்ளிக்கூடம் விட்டதும் விருத்தாம்பாள் தானாகவே செல்லாயியிடம் வந்தாள். மிஸ் சொன்னதை அவள் உத்தரவாகவே எடுத்துக்கொண்டிருந்தாள்.

“ரொம்ப சுலபம்டி. ‘ஆ’ வந்துச்சுன்னா மூணு விரல் போற அளவு வாயைத் திறக்கணும். ‘ஊ’ன்னா உதட்டைக் குவிக்கணும். அப்பப்ப மூச்சு இழுக்கிற மாதிரி தோளைத் தூக்கணும். மேல பாடுற இடத்துல புருவத்தையும் தூக்கிட்டா, ஒருத்தரும் கண்டுபிடிக்க முடியாது.”

அவள் செய்தும் காட்டினாள். சத்தமே இல்லாமல் ஒரு பாட்டு முழுவதும் பாடி முடித்தாள். அசல் பாட்டுக்காரி தோற்றாள் போங்கள்!

“எத்தனை நாளா இப்படிப் பண்ற?” என்று கேட்டாள் செல்லாயி.

“மூணாவதுலேருந்து. அப்ப இருந்த டீச்சர், ‘உனக்குச் சுருதியே இல்ல, வாயை மூடு’ன்னாங்க. மூடிட்டேன்.”

“காலையில பிரேயர் பாட்டு?”

“வாயசைப்புதான்.”

“வீட்டுல?”

“வீட்டுலயா? எங்கம்மாகிட்ட குழுப் பாட்டு சர்டிபிகேட் இருக்குது. எம்பொண்ணு பெரிய பாடகின்னு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லும். ‘ஒரு பாட்டு பாடு பாப்பா’ம்பாங்க. தொண்டை வலின்னுடுவேன். மூணு வருஷமா எனக்குத் தொண்டை வலி!”

சொல்லிவிட்டு விருத்தாம்பாள் சிரித்தாள். செல்லாயிக்குச் சிரிப்பு வரவில்லை. மிஸ் தன்னைச் சொன்னபோது வந்த கோபத்தைவிட இது பெரிய கோபமாக இருந்தது. யார் மீது என்றுதான் தெரியவில்லை.

“இப்ப பாடு, ஒரு வரி.”

“போடி!” என்று சொல்லிவிட்டு விருத்தாம்பாள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியே போனாள்.

சனிக்கிழமை சாயங்காலம் கிள்ளையில் கூத்து ஒத்திகை நடந்தது. அப்பா சலங்கை கட்டிக்கொண்டிருந்தார். செல்லாயி பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள்.

“மாட்டேன்னு சொல்லிட்டியா? மரியாதையாச் சொன்னியா?” என்று கேட்டார் அப்பா.

“மிஸ்னு சேத்துதான் சொன்னேன்.”

“அப்ப சரி.”

அப்பாவுக்குச் சரி. செல்லாயிக்குச் சரியாக இல்லை. கடலூருக்குப் போக வேண்டும் என்று அவளுக்கு அவ்வளவு ஆசை. அதைவிட, பிரிசில்லா மிஸ் பாட்டு வகுப்பு அவளுக்கு உயிர். ஒரு சுரத்தை மிஸ் ஊஞ்சல் ஆட்டுவது போல மெல்ல ஆட்டிக் காட்டுவாரே, அது கூத்தில் கிடையாது. அதைக் கற்றுக்கொள்ளாமல் விட அவளுக்கு மனசே இல்லை. வாயை மூடிக்கொண்டு அதை எப்படிக் கற்றுக்கொள்வது?

ஒத்திகை தொடங்கியது. பழனிவேல் மாமா ஹார்மோனியத்தை அழுத்தினார். ஹார்மோனியத்தில் எந்தக் கட்டையில் பாட்டைத் தொடங்குகிறோமோ அதுதான் சுருதி. எண் ஏற ஏறக் குரலும் மேலே ஏறவேண்டும். அப்பா ராஜாவாக வந்து ஐந்து கட்டையில் உச்சத்தில் பாடினார். அடுத்து, எல்லாரையும் சிரிக்கவைக்கும் கட்டியக்காரர் வந்தார். அவருக்குக் கனத்த குரல். பழனிவேல் மாமாவின் விரல்கள் சட்டென்று இடது பக்கம் நகர்ந்தன.

தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து செல்லாயி பார்க்கிற காட்சிதான் இது. ஆனால் இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

“மாமா, இப்ப ஏன் மாத்துனீங்க?”

சாம்பாரில் ஏன் உப்புப் போடுகிறீர்கள் என்று யாரோ கேட்டது போல அவர் அவளைப் பார்த்தார்.

“ஆள் மாறிட்டாருல்ல?”

அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு ஒத்திகையில் யார் என்ன பாடினார்கள் என்று செல்லாயி காதில் விழவே இல்லை.

திங்கட்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும், விருத்தாம்பாளின் கையைப் பிடித்துப் பாட்டு அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

மேஜை மேல் மிஸ்ஸின் சுருதிப் பெட்டி இருந்தது. கறுப்பு நிறம், இரண்டு திருகு. “பெட்டியைத் தொட்டா கை இருக்காது” என்று மிஸ் சொல்லியிருந்தார். கை இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் யாரும் தொட்டுப் பார்த்ததில்லை.

செல்லாயி தொட்டாள்.

“ஐயோ, வேணாண்டி!” என்று அலறினாள் விருத்தாம்பாள்.

“இது அஞ்சரைக் கட்டை. சரண்யா தொண்டைக்கு வெச்சது. நம்ம எல்லாரும் அதுலதான் பாடுறோம். நீ இப்ப ‘சா’ சொல்லு.”

கெஞ்சிக் கூத்தாடிய பிறகு விருத்தாம்பாள் சொன்னாள். கிணற்றுச் சுவரில் வாளி மோதியது போல ஒரு சத்தம் வந்தது.

“பாத்தியா? நான்தான் சொன்னேன்ல!”

செல்லாயி திருகைக் கொஞ்சம் கீழே திருப்பினாள். ஐந்து. வாளி இன்னும் மோதியது. நாலரை. நாலு. ஒவ்வொரு தடவையும் விருத்தாம்பாள் ‘சா’ என்றாள். ஒவ்வொரு தடவையும் அழப் போகிறவள் போல நின்றாள்.

மூன்று கட்டைக்கு வந்ததும், வாளி மோதவில்லை. பெட்டியின் சத்தத்தோடு அவள் குரல் போய் ஒட்டிக்கொண்டது. பெரிய வெண்கல அண்டாவைத் தட்டியது போலக் கனமான, உருண்டையான குரல். அறை முழுவதும் நிறைந்தது.

விருத்தாம்பாள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“யாருடி பாடுனது?”

“நீதான்.”

“பொய் சொல்லாத.”

“இங்க வேற யாரு இருக்கா? ஓடக்காரர் பாட்டைப் பாடு, பாக்கலாம்.”

விருத்தாம்பாள் பாடினாள். முதல் வரி நடுங்கியது. இரண்டாவது வரி நடுங்கவில்லை. பாடி முடித்தபோது அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவள் அதைத் துடைக்கக்கூட இல்லை. இன்னொரு தடவை பாடினாள். அப்புறம் இன்னொரு தடவை. மணி அடித்துவிட்டது. இருவரும் அவசரமாகப் பெட்டியை நிறுத்திவிட்டு வகுப்புக்கு ஓடினார்கள்.

பெட்டியை நிறுத்தினார்கள். திருகைத் திருப்பி வைக்க மறந்துவிட்டார்கள்.

கடைசிப் பீரியட் ஒத்திகை. பிரிசில்லா மிஸ் பெட்டியின் பொத்தானை அழுத்திய அதே நேரம், பியூன் சுற்றறிக்கையோடு வாசலில் வந்து நின்றார். “சரண்யா, நீ தொடங்கு” என்று சொல்லிவிட்டு மிஸ் கையெழுத்துப் போடப் போனார்.

சரண்யா நல்ல பிள்ளை. பெட்டி என்ன சொல்கிறதோ அதைத்தான் பாடுவாள். கண்ணை மூடிக்கொண்டு ராணியின் பாட்டைத் தொடங்கினாள். மேலே எல்லாம் எப்படியோ சமாளித்தாள். கீழே இறங்க வேண்டிய இடத்தில் குரல் அடித்தொண்டையில் போய்ச் சிக்கிக்கொண்டது. ராணி பாடுவது போல இல்லை. ராணிக்குப் பல்வலி போல இருந்தது.

மிஸ் திரும்பிப் பார்த்தார்.

“சரண்யா! என்ன ஆச்சு? ஜலதோஷமா?”

“தெரியல மிஸ்… கீழ எட்டவே மாட்டேங்குது…” சரண்யாவின் உதடு துடித்தது. அவளை யாரும் இதுவரை குறை சொன்னதே இல்லை.

மிஸ் காதைச் சாய்த்துக் கேட்டார். பெட்டியைப் பார்த்தார். திருகைப் பார்த்தார்.

“யார் இதைத் தொட்டது?”

 செல்லாயி நினைத்திருந்தால் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் சரண்யா அழுதுகொண்டிருந்தாள்.

“நான்தான் மிஸ்.”

“நானும் மிஸ்” என்றாள் விருத்தாம்பாள், கடைசி வரிசையிலிருந்து.

“ஏற்கெனவே நீ என்னை எதிர்த்துப் பேசுன. இப்ப பெட்டியை வேற தொட்டிருக்கே!” என்று மிஸ் செல்லாயி பக்கம் திரும்பினார்.

செல்லாயி ஓர் அடி முன்னால் வந்தாள். 

“தொட்டது தப்புதான் மிஸ். வெளியே போகச் சொன்னாப் போறேன். ஆனா ஒரே ஒரு கேள்வி. சரண்யாவுக்கு இப்ப சுருதி சேரலை. அவளையும் வாயசைக்கச் சொல்லுவீங்களா?”

“அவளை ஏன் சொல்லணும்? அவ மேல என்ன தப்பு? பெட்டிதானே தப்பா இருந்துது!”

சொல்லி முடித்ததும் மிஸ் சட்டென்று பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

“விருத்தாம்பாளுக்கும் அதேதான் மிஸ்” என்றாள் செல்லாயி. “மூணு வருஷமா பெட்டிதான் தப்பா இருந்துது.”

 பெட்டி இன்னும் மூன்று கட்டையில்தான் ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது. யாரும் கேட்காமலே விருத்தாம்பாள் முன்னால் வந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு பாடினாள்.

“ஆத்துக்குத் தெரியுமா அரமனை வாசலு?
அக்கரை போறவங்க அத்தனை பேரும் ஒண்ணு!
ராணியா இருந்தாலும் வரிசையில நில்லு,
ரோசம் இருந்தாக்கா நீந்திக்கிட்டுச் செல்லு!”

பாட்டு முடிந்தது. மிஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“ரெண்டு வருஷமா எங்கிட்ட படிக்கிற” என்றார் மெதுவாக. “ஒரு தடவைகூட உன்னைத் தனியாப் பாடச் சொல்லி நான் கேக்கலையே.”

“பரவால்ல மிஸ்” என்றாள் விருத்தாம்பாள்.

“பரவாயில்லாம எப்படி?” என்று மிஸ் அதட்டினார். இந்தத் தடவை கோபம் தன் மீதே வந்திருந்தது. பிறகு எழுந்து இரண்டு நடை நடந்தார். “ஆனா ஒரு சங்கடம் இருக்கு. கச்சேரின்னா ஆரம்பிச்ச சுருதியிலதான் முடிக்கணும். நடுவுல மாத்துனா நடுவருங்க ஒத்துக்க மாட்டாங்க.”

“இது கச்சேரி இல்லையே மிஸ், நாடகமாச்சே. எங்க ஊர்க் கூத்துல ஆள் மாறுனா கட்டையையும் மாத்துவாங்க” என்றாள் செல்லாயி.

மிஸ் அவளை உற்றுப் பார்த்தார்.

“சரி, இவ ஓடக்காரர் பாட்டை மூணு கட்டையில பாடட்டும். உன்னை என்ன பண்றது? உனக்குச் சுருதியில பிரச்சினை இல்ல. சத்தத்துல பிரச்சினை.”

“குறைக்கச் சொன்னா குறைக்கிறேன் மிஸ். நிறுத்தச் சொன்னா மாட்டேன்.”

மிஸ்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

அன்றிலிருந்து செல்லாயிக்கு இரண்டு வேலை. ராணி தாலாட்டுப் பாடும்போது ஊர் மக்களோடு சேர்ந்து மெல்ல முனக வேண்டும். முதல் நாள் அவள் முனகியதைக் கேட்டிருந்தால் தூங்குகிற குழந்தை மட்டுமல்ல, தொட்டிலும் எழுந்து ஓடியிருக்கும். “பஞ்சு மாதிரி, பஞ்சு மாதிரி” என்று மிஸ் விடாமல் சொல்லிக்கொடுத்தார். நாலாவது நாள்தான் பஞ்சு வந்தது. இரண்டாவது வேலை, கடைசிக் காட்சியில் ஊர் மக்கள் ராணியிடம் நியாயம் கேட்டு வரும்போது. அதற்கு அவளை மேடையிலேயே நிறுத்தவில்லை. மண்டபத்து வாசலிலிருந்து, மைக் இல்லாமல், கூட்டத்துக்கு நடுவே பாடிக்கொண்டு வரச் சொன்னார்.

“அங்க குறைக்கணுமா மிஸ்?”

“கூரை பிச்சுக்கிட்டுப் போனாலும் நான் கேக்க மாட்டேன்.”

போட்டி நாள் வந்தது. சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வழியெல்லாம் பாட்டுதான். ரசாயன ஆலைகள் இருக்கும் சிப்காட் வந்ததும், நாற்றம் தாங்காமல் ஜன்னல்களை மூடிக்கொண்டு பாடினார்கள். கடலூரில் இறங்கியபோது மிஸ்ஸுக்குத்தான் எல்லாரையும்விடப் பயம். சுருதிப் பெட்டியை மடியை விட்டு இறக்கவே இல்லை.

மேடையில் சரண்யா ஐந்தரைக் கட்டையில் தேனாகப் பாடினாள். ஓடக்காரர் மீசையோடு கழி ஊன்றி வந்து நின்றார். மிஸ் திருகைத் திருப்பினார். விருத்தாம்பாள் ஒரு நொடி வாயைத் திறந்தபடி நின்றாள், சத்தம் வரவில்லை.  மூன்று வருடப் பழக்கம் ஆயிற்றே!

பிறகு அந்த வெண்கலக் குரல் வந்தது. “ராணியா இருந்தாலும் வரிசையில நில்லு” என்று அவள் பாடியபோது மண்டபமே கைதட்டிச் சிரித்தது. நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்த விருத்தாம்பாளின் அம்மா மட்டும் ஆச்சரியப்படவே இல்லை.

“தொண்டை வலி சரியாயிடுச்சு போலக்குது” என்றார் பக்கத்து நாற்காலியிடம்.

கடைசிக் காட்சியில் வாசலிலிருந்து செல்லாயியின் குரல் கிளம்பியது. எல்லாத் தலையும் திரும்பின. மேடையில் இருந்த மந்திரி, நடிப்பதற்கு அவசியமே இல்லாமல் நிஜமாகவே திடுக்கிட்டாள்.

நாடகம் முடிந்ததும் நடுவர்களில் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

“நடுவுல ரெண்டு தடவை சுருதி மாறுச்சே டீச்சர், தெரியாம ஆயிடுச்சா?”

 மிஸ் தலையை நிமிர்த்திப் பதில் சொன்னார்.

“தெரிஞ்சுதான் சார் மாத்துனேன். ஓடக்காரர் எதுக்கு ராணி தொண்டையில பாடணும்?”

நடுவர் எதையோ குறித்துக்கொண்டார். முதல் பரிசு கிடைத்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். கிடைக்கவில்லை. மூன்றாம் பரிசு. சுருதி மாற்றியதற்கு மார்க் குறைத்துவிட்டார்களாம்.

“அடுத்த வருஷம் மூணு தடவை மாத்துவோம்” என்றார் பிரிசில்லா மிஸ்.

திங்கட்கிழமை காலை பிரேயருக்கு மணி அடித்தது. முந்நூறு பிள்ளைகள் மைதானத்தில் வரிசையாக நின்றார்கள். மிஸ் சுருதிப் பெட்டியை மைக் பக்கத்தில் வைத்தார்.

“மிஸ், இதுவும் அஞ்சரையா?” என்று கேட்டாள் செல்லாயி.

“எப்பவும் அஞ்சரைதான்” என்று சொல்லிக்கொண்டே பொத்தானை அழுத்தப் போன மிஸ், அப்படியே நின்றார். வரிசைகளைப் பார்த்தார். முந்நூறு வாய்கள். பிறகு திருகை மூன்றுக்குத் திருப்பி, விருத்தாம்பாளை மைக்குக்குக் கூப்பிட்டார்.

விருத்தாம்பாள் முதல் வரியைத் தொடங்கினாள்.

கடைசி வரிசையிலிருந்து, அந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் இதுவரை கேட்டிராத ஒரு சத்தம் எழுந்து வந்தது. எட்டாம் வகுப்புப் பையன்கள்! குரல் உடைந்த நாளிலிருந்து வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தவர்கள். ஏழாம் வகுப்பில் நாலைந்து பெண்கள் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டே பாடினார்கள். ஐந்தாம் வகுப்பிலிருந்தும் வந்தது. எங்கிருந்தெல்லாமோ வந்தது.

மிஸ் செல்லாயியின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“இத்தனை பேரா?”

வரிசைக்கு முன்னால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கொடிக்கம்பம் மாதிரி விறைப்பாக நின்றிருந்தார் பி.டி. சார் ஆரோக்கியராஜ். பன்னிரண்டு வருடமாகத் தினமும் அங்கேதான் நிற்கிறார், தினமும் உதடு அசையும். இன்றைக்கு அவர் மீசைக்குக் கீழே இருந்து குரலும் வந்தது. அவரே ஒரு கணம் பயந்துவிட்டார். அப்புறம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பாடினார்.

பாட்டு முடிந்தது. முந்நூறு பேரும் வாயை மூடினார்கள். ஆரோக்கியராஜ் சார் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, கடைசி வரியைத் தன்பாட்டுக்கு இன்னொரு முறை பாடினார். அவர் பாடி முடிக்கும்வரை எல்லாரும் காத்திருந்தார்கள்.